ஏழாம் வகுப்புக்கு எந்த டிஸ்டோபியன் நாவல்?

அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளில், அதாவது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மூன்றாண்டுகளுக்குள், ஆங்கில வகுப்பில் டிஸ்டோபியன் நாவல் ஒன்றையாவது முழுமையாகப் படிக்க வைப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. மக்களின் நன்மைக்காகவே எல்லாம் என்று சொல்லிக்கொண்டு மக்களை நசுக்கும் கற்பனைச் சமூகங்களைப் பற்றிய இந்தக் கதைகளைப் பிள்ளைகள் ஆவலோடு படிக்கிறார்கள் என்பதால், படிக்க வைப்பது எப்படி என்ற வழக்கமான கவலை ஆசிரியருக்கு இங்கே குறைவு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. ஐந்தாறு வாரங்கள், நாளொன்றுக்கு ஒரு பாடவேளை, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள், அவர்களில் பலருக்கு வீட்டில் பேசும் மொழி ஆங்கிலம் அன்று என்ற நிலை: இந்த வரம்புகளுக்குள் ஒரே ஒரு நாவலைத்தான் நிதானமாகக் கற்பிக்க முடியும் என்றால் அது எதுவாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஆசிரியர்கள் கூடிப் பேசும்போது பெரும்பாலும் ஐந்து பெயர்கள் முன்வைக்கப்படுகின்றன. லோயிஸ் லௌரியின் 'தி கிவர்' (1993), ஜீன் டுப்ராவின் 'தி சிட்டி ஆஃப் எம்பர்' (2003), சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008), ஜார்ஜ் ஆர்வெலின் 'அனிமல் ஃபார்ம்' (1945), ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) ஆகியவையே அவை. கடைசியாகச் சொன்னதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். முப்பது வயது ஆடவன் ஒருவனின் வறண்டுபோன மணவாழ்க்கையும், தொடக்கத்திலேயே அவன் மனைவி தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கிக் கிடப்பதும், வரிக்கு வரி உருவகம் ஏறிய நடையும் உயர்நிலைப் பள்ளிக்கே பொருந்தும். புத்தகம் எரிப்பதைக் கண்டிக்கும் அந்த நாவலையே 1967-இல் பள்ளிகளுக்கான பதிப்பு என்ற பெயரில் ஆசிரியருக்குத் தெரியாமல் பல இடங்களில் திருத்தி வெளியிட்டார்கள் என்ற செய்தியை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவைத்தால், மூன்றாண்டுகள் கழித்து அவர்களாகவே அதைத் தேடி எடுப்பார்கள்.

மீதமுள்ள நான்கையும் எதைக் கொண்டு அளப்பது? மொழியின் கடினத்தை எண்ணால் குறிக்கும் லெக்ஸைல் அளவுகோலைப் பள்ளிகள் முதலில் பார்க்கின்றன. அதன்படி 'எம்பர்' 680, 'கிவர்' 760, 'ஹங்கர் கேம்ஸ்' 810, 'அனிமல் ஃபார்ம்' 1170. வாக்கிய நீளத்தையும் சொற்களின் அருமையையும் கணக்கிடும் இந்த எண்ணுக்கு உள்ளடக்கம் தெரியாது. குழந்தைகள் ஒருவரையொருவர் கொல்லும் கதையும், நகரத்தில் மின்விளக்கு அணைந்துபோகும் கதையும் அதன் கண்ணுக்கு ஏறத்தாழ அடுத்தடுத்த படிகள்தாம். எனவே எண்ணை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது: கதையில் வரும் சமூகத்தின் விதிகளுக்கு, படிக்கும் பிள்ளை முதலில் தலையாட்டுமா?

இதை ஏன் முதன்மையான அளவுகோலாகக் கொள்கிறேன் என்பதை விளக்க வேண்டும். டிஸ்டோபியன் நாவலைக் கற்பிப்பதன் பயன், கொடுங்கோலர்கள் கெட்டவர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது அன்று. அது அவர்களுக்கு முன்பே தெரியும். நல்ல நோக்கத்தோடு போடப்படும் விதி ஒன்று எந்த இடத்தில் மனிதரிடமிருந்து எதையோ பறிக்கத் தொடங்குகிறது என்பதைக் கண்டுகொள்ளும் பழக்கமே இங்கே கற்க வேண்டியது. விதி கொடியது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டால், படிப்பவர் வெளியே நின்று பார்ப்பவராகவே கடைசிவரை இருந்துவிடுகிறார். விதி நியாயமானது என்று முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு அந்த ஒப்புதலைத் தானே திரும்பப் பெறும்போதுதான், தன்னையும் ஏமாற்ற முடியும் என்பது பிள்ளைக்கு உறைக்கிறது.

இந்த அளவுகோலில் 'தி கிவர்' மற்ற மூன்றையும் விட வெகுதூரம் முன்னால் நிற்கிறது. கதைநாயகனான சிறுவன் ஜோனாஸ் வாழும் ஊரில் பசி இல்லை, சண்டை இல்லை, வேலையில்லாதவர் இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மகன், ஒரு மகள். காலையில் கண்ட கனவையும் மாலையில் அன்றைய மனநிலையையும் குடும்பமாக உட்கார்ந்து பகிர்ந்துகொள்கிறார்கள். நான்கு, ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு முதுகுப் பக்கம் பொத்தான் வைத்த மேலங்கி கொடுக்கப்படுகிறது. ஒருவர் உதவியின்றி இன்னொருவர் அதை மாட்ட முடியாது, அதனால் ஒருவரையொருவர் சார்ந்திருக்கக் கற்பார்கள் என்பது அதன் காரணம். ஏழு வயதில் முன்பக்கம் பொத்தான் வந்துவிடும். ஒன்பது வயதில் மிதிவண்டி. பன்னிரண்டு வயதில், பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்த மூத்தோர் குழு, அவரவர் இயல்புக்கு ஏற்ற பணியை அறிவிக்கும். முதல் சில அத்தியாயங்களைப் படித்த பிள்ளைகளிடம் இந்த ஊரில் குடியேறச் சம்மதமா என்று கேட்டால், பலர் தயக்கமின்றிக் கை தூக்குவார்கள். அந்தக் கைகளை எண்ணிச் சுவரில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. பிறகு அதுவே பாடமாகிறது.

கதையின் அமைப்பும் ஆசிரியருக்கு உதவுகிறது. முதல் அத்தியாயத்திலேயே, பயிற்சியில் இருந்த விமானி ஒருவன் வழிதவறி ஊருக்கு மேலே பறந்துவிட்டதற்காக 'விடுவிக்கப்படுவான்' என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது. அச்சொல் கெட்ட செய்தி என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தாலும், வேறு ஊருக்கு அனுப்புவார்கள் போலும் என்று எண்ணிப் பிள்ளைகள் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நான்காம் அத்தியாயத்தில் முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு நடந்த 'விடுவிப்பு' விழாவை, வாழ்த்தும் கொண்டாட்டமுமாக ஒரு மூதாட்டி மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். பத்தொன்பதாம் அத்தியாயத்தில், அன்பே உருவான ஜோனாஸின் தந்தை, இரட்டைக் குழந்தைகளில் எடை சற்றுக் குறைந்ததற்கு நெற்றி நரம்பில் ஊசி போட்டு, அட்டைப் பெட்டியில் வைத்து, சுவரில் உள்ள திறப்பில் போட்டுவிட்டு, கொஞ்சும் குரலில் விடைகொடுப்பதை ஜோனாஸ் பதிவுக் காட்சியில் பார்க்கிறான். அந்த நொடியில் வகுப்பு முழுவதும் பின்னோக்கித் திரும்புகிறது: அந்த விமானி, அந்த முதியவர், இடையில் வந்த மற்றவர்கள். சொல் ஒன்று கொலையை எவ்வாறு மறைத்து வைத்தது என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை, ஏனெனில் ஆறு வாரமாக அது தங்களிடமே மறைக்கப்பட்டிருந்ததைப் பிள்ளைகள் கண்டுவிட்டார்கள்.

பதின்மூன்றாம் அத்தியாயத்தை நான் இந்த நாவலின் நடுநாயகமாகக் கருதுகிறேன். நிறம் என்று ஒன்று இருந்ததை, ஊரின் பழைய நினைவுகளைத் தாங்கி அவற்றைத் தனக்குக் கைமாற்றும் முதியவரிடமிருந்து அறிந்த ஜோனாஸ், அவரிடம் எந்த நிற உடை அணிவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இல்லையே என்று கோபப்படுகிறான். அடுத்த சில வரிகளில், மக்கள் தம் வாழ்க்கைத் துணையையோ வேலையையோ தாமே தேர்ந்தெடுத்து, அது தவறாகிவிட்டால் என்ன ஆவது என்று எண்ணிப் பார்த்து, தவறான தெரிவுகளிலிருந்து மக்களைக் காக்கத்தான் வேண்டும் என்று தானே முடிவுக்கு வந்துவிடுகிறான். ஒரே உரையாடலுக்குள் ஒரு சிறுவன் இரு பக்கமும் வாதாடுவது, தீர்ப்பை வகுப்பின் கையில் விட்டுவிடுகிறது. இந்தக் கட்டத்தில் ஆசிரியர் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பெற்றோர் பார்த்து நடத்திவைக்கும் திருமணம் வழக்கத்தில் உள்ள இந்திய, பாகிஸ்தானிய, தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். 'துணையைப் பிறர் தேர்ந்தெடுப்பது கொடுமை' என்று மற்றவர்கள் கூச்சலிடும்போது அந்தப் பிள்ளைகள் தலைகுனிந்துகொள்வதும் உண்டு. தம் தாத்தா பாட்டியை எண்ணி, அதில் கொடுமை எதுவும் இல்லையே என்று எதிர்வாதம் செய்வதும் உண்டு. அந்த எதிர்வாதம் தானாக வந்தால் அதைப் போல் சிறந்த விவாதம் வேறு அமையாது. ஆனால் 'உங்கள் வீட்டில் எப்படி?' என்று ஆசிரியரே ஒரு பிள்ளையை எழுப்பிவிட்டுக் கேட்பது அநாகரிகம்.

லௌரி இந்தக் கதைக்கு எங்கிருந்து வந்தார் என்பதும் வகுப்பில் பேசத்தக்கது. அவருக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, போருக்குப் பிந்தைய டோக்கியோவில், வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற, அமெரிக்கக் குடும்பங்களுக்கென வேலி போட்டு அமைத்த குடியிருப்பில் வாழ்ந்தார். உள்ளே எல்லாம் அமெரிக்க வீடுகள், அமெரிக்கப் பள்ளி, அமெரிக்கத் திரையரங்கு. அவர் அந்த வாயிலைத் தாண்டி மிதிவண்டியில் ஷிபுயா பகுதிக்குப் போய்ச் சுற்றிவருவாராம். 1994-இல் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றபோது ஆற்றிய உரையில் இதையும், முதுமையில் நினைவிழந்த தன் தந்தை இறந்துபோன மூத்த மகளுக்கு என்ன நேர்ந்தது என்பதையே மறந்துபோனதையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். துயரத்தை மறந்திருப்பது நல்லதுதானே என்ற எண்ணம் ஒரு மகளின் மனத்தில் எழுந்து, பிறகு அதுவே கேள்வியாக மாறியது என்று தெரிந்துகொண்டால், நாவலின் ஊர் முட்டாள்களாலோ கொடியவர்களாலோ அமைக்கப்பட்டதன்று என்பது பிள்ளைகளுக்கு இன்னும் தெளிவாகும்.

'தி ஹங்கர் கேம்ஸ்' இதற்கு நேர் எதிர். பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட இருபத்துநான்கு பிள்ளைகளைக் குலுக்கலில் எடுத்து, ஒருவர் எஞ்சும்வரை கொல்லவிட்டுத் தொலைக்காட்சியில் காட்டும் அரசை எந்தப் பிள்ளையும் ஒரு கணம்கூட நியாயம் என்று நினைக்காது. நாவலில் ஆழம் இல்லை என்று சொல்ல வரவில்லை. தொலைக்காட்சியில் போட்டி நிகழ்ச்சிக்கும் ஈராக் போர்க் காட்சிகளுக்கும் இடையே அலைவரிசையை மாற்றிக்கொண்டிருந்தபோது இக்கரு தோன்றியது என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். உண்மையில் இந்நாவல் குற்றம் சாட்டுவது பார்வையாளரை. அடுத்துச் சாவது யார் என்று பக்கத்தைப் புரட்டும் நாமும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் பன்னிரண்டு வயதில் இதைத் தானாக உணர்வது கடினம். கதாநாயகி காட்னிஸின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பதும், அவள் பீட்டாவை மணப்பாளா கேலை மணப்பாளா என்று கட்சி பிரிவதும் எளிது. விவாதத்தை ஆசிரியர் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் வகுப்பு அந்தப் பக்கமே சாயும். நீளமும் ஒரு தடை. 'கிவர்' நாவலைப் போல இருமடங்குக்கு மேற்பட்ட பருமனுள்ள நூலை ஆறு வாரத்தில் முடிக்க வேண்டுமென்றால், நின்று நிதானிப்பதற்கு நேரம் இருக்காது. இன்னொன்று, படத்தைப் பார்த்த பிள்ளைகள் பலர் இருப்பார்கள். அவர்களுக்குக் கதை முன்பே தெரிந்த கதை.

ஆயினும் அதன் முதல் அத்தியாயத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பயன்படுத்துவதை வலியுறுத்துவேன். குலுக்கலில் பன்னிரண்டு வயதில் ஒரு சீட்டு, ஆண்டுக்கு ஒன்று கூடிப் பதினெட்டு வயதில் ஏழு சீட்டு என்பது எல்லாருக்கும் பொது. ஆனால் ஏழைகள் ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் பெற்றுக்கொண்டு கூடுதல் சீட்டுப் போடலாம். குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை முறை போடலாம். அவையும் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். மூவர் குடும்பத்துக் காட்னிஸுக்குப் பதினாறு வயதில் இருபது சீட்டு. ஐவர் குடும்பத்தைக் காக்கும் கேலுக்குப் பதினெட்டில் நாற்பத்திரண்டு. வசதியான மேயர் மகளுக்கு ஐந்துக்கு மேல் இருக்காது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால், விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்பது எவ்வளவு பெரிய பொய்யாக இருக்க முடியும் என்பது ஒரே பாடவேளையில் விளங்கிவிடும். 2014-இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது எதிர்ப்பாளர்கள் இக்கதையில் வரும் மூன்று விரல் வணக்கத்தை எடுத்துக்கொண்டதையும், 2021-இல் மியன்மாரில் அது மீண்டும் தோன்றியதையும் சேர்த்துச் சொன்னால் போதும். மீதியைப் பிள்ளைகள் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்துக்கொள்வார்கள். யாரும் தூண்ட வேண்டியதில்லை.

'அனிமல் ஃபார்ம்' கையடக்கமான நூல், பத்தே அத்தியாயம். தமிழில் 'விலங்குப் பண்ணை' என்று பலரும் அறிந்த இக்கதை, நான் வைத்த அளவுகோலில் 'கிவர்' நாவலுக்கு அடுத்தபடியாக வருகிறது. கிழட்டுப் பன்றியின் உரையைக் கேட்கும் எவரும் விலங்குகளின் பக்கமே நிற்பார்கள். ஏழு கட்டளைகளும் நியாயமாகவே தோன்றும். பால் காணாமல் போவதுதான் முதல் அறிகுறி. பாலும் ஆப்பிளும் பன்றிகளின் மூளை உழைப்புக்கு அவசியம் என்றும், இல்லாவிட்டால் பழைய முதலாளி ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான் என்றும் பன்றிகளின் பேச்சாளனான ஸ்குவீலர் விளக்கும்போது, அந்த வாதத்தில் உள்ள ஓட்டையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அழகாகக் கண்டுபிடிக்கிறார்கள். இரவோடு இரவாகக் கட்டளைகளில் ஒட்டுச்சொல் சேர்ந்துகொண்டே போவதைப் பட்டியலிடுவது அவர்களுக்குப் பிடித்த வேலை. அச்சமூட்டிப் பணியவைக்கும் பேச்சைக் கற்பிக்க இதைவிட எளிய நூல் எனக்குத் தெரியாது.

தடை எங்கே வருகிறதென்றால், இது 1917-ஐ அடுத்து ரஷ்யாவில் நடந்தவற்றுக்கு வரி பிசகாமல் பொருந்தும் உருவகக் கதை. ஸ்டாலினும் டிராட்ஸ்கியும் யார் என்று அறியாத பிள்ளைக்கு நெப்போலியனும் ஸ்னோபாலும் இரண்டு பன்றிகள் மட்டுமே. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் இடைக்கால வரலாற்றைச் சார்ந்தது. ரஷ்யப் புரட்சி பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. ஆங்கில ஆசிரியர் இரண்டு வாரம் வரலாறு நடத்திவிட்டுக் கதைக்கு வர வேண்டியிருக்கும், அல்லது வரலாற்றை விட்டுவிட்டுப் பொதுவான நீதிக்கதையாக நடத்த வேண்டியிருக்கும். முதல் வழியில் நாவல் விடைத்தாளாகிவிடுகிறது: இந்த விலங்கு யாரைக் குறிக்கிறது என்பதோடு சிந்தனை நின்றுபோகிறது. இரண்டாம் வழியில், 'அதிகாரம் கெடுக்கும்' என்ற ஒற்றை வரியோடு பிள்ளைகள் எழுந்து போகிறார்கள். இதனால் எட்டாம் வகுப்புக்கோ, வரலாற்று ஆசிரியர் கைகோக்க முன்வரும் பள்ளிக்கோ இதை ஒதுக்கிவைப்பதே முறை. குதிரை பாக்ஸரை வண்டியில் ஏற்றிக் கொல்லக் கொண்டுபோகும் ஒன்பதாம் அத்தியாயம் மட்டும் எந்த வகுப்பிலும் வரலாறு தெரியாமலே வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

'தி சிட்டி ஆஃப் எம்பர்' நால்வரில் மிக மென்மையானது. பூமிக்கடியில் அமைந்த, மின்னாக்கி ஒன்றையே நம்பியிருக்கும் நகரில், கிடங்குகள் காலியாகின்றன, விளக்குகள் அடிக்கடி அணைகின்றன. பன்னிரண்டு வயது லீனாவும் டூனும் தமக்குக் குலுக்கலில் கிடைத்த வேலைகளை மாற்றிக்கொள்கிறார்கள். வெளியேறும் வழி எழுதிய தாளை லீனாவின் தங்கை மென்று துப்பிவிட, எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு அவர்கள் அதை மீட்டெடுக்கிறார்கள். அந்தச் சிதைந்த தாள் நாவலிலேயே அச்சிடப்பட்டிருப்பதால், வகுப்பில் இருவர் இருவராக உட்கார்ந்து விடுபட்டதை நிரப்பும் வேலை களைகட்டும். ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளைகள்கூட அதில் முந்திக்கொள்வார்கள். குறை என்னவென்றால், நகரம் அழிவது விதிகளால் அன்று, வழிகாட்டும் தாள் தொலைந்ததாலும் பொருள்கள் தீர்ந்ததாலும்தான். மேயர் பொருளைப் பதுக்கும் சாதாரணத் திருடன். அவனிடம் விவாதிக்க எதுவும் இல்லை. இழந்த உலகை எண்ணி வருந்தக் கூடாது என்பதற்காக, நகரை அமைத்தவர்கள் வெளியுலகைப் பற்றிய உண்மையையே அடுத்த தலைமுறையிடமிருந்து மறைத்துவிட்டார்கள் என்பது மட்டுமே 'கிவர்' எழுப்பும் கேள்விக்கு அருகில் வருகிறது. ஆறாம் வகுப்புக்கும், வாசிப்பில் பின்தங்கியவர் மிகுந்த வகுப்புக்கும் இது நல்ல தெரிவு. மற்ற இடங்களில் இதைத் தேர்ந்தெடுப்பது, சர்ச்சைக்கு அஞ்சிய தெரிவாகவே பெரும்பாலும் இருக்கிறது.

சர்ச்சை என்று வரும்போது 'கிவர்' எளிய நூல் அன்று. 1990-களில் அமெரிக்க நூலகங்களிலும் பள்ளிகளிலும் அதிகம் எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலில் அது இடம்பெற்றது. சிசுக்கொலை, ஜோனாஸுக்கு முன்பு நினைவுகளைப் பெறும் பொறுப்புக்கு வந்த ரோஸ்மேரி தன் உயிரைத் தானே முடித்துக்கொள்வது, பருவ வயதின் முதல் கிளர்ச்சிகளுக்கு மாத்திரை கொடுத்து அடக்குவது ஆகியவை பெற்றோரின் கவலைக்குக் காரணம். இவற்றை மறைத்துவைத்து, யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பதைவிட, நாவல் தொடங்குவதற்கு முன்பே பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, பத்தொன்பதாம் அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுவதே சரி. அத்தகைய இழப்பு நேர்ந்த வீடுகள் பள்ளியின் உளவள ஆலோசகருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு வேறு நூல் கொடுக்கும் ஏற்பாடு கையில் இருக்க வேண்டும். அந்த அத்தியாயத்தை வீட்டுப்பாடமாகக் கொடுத்தனுப்பக் கூடாது. ஆசிரியரே வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டும், அதற்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. படித்து முடித்ததும் கேள்வித்தாளை நீட்டாமல், எழுதவோ பேசவோ அமைதியாக இருக்கவோ பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும்.

இதே காரணத்தால்தான், ஆளுக்கொரு நாவலாகக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையை இந்தப் பகுதிக்கு நான் ஏற்பதில்லை. பிள்ளைகள் தாமே தேர்ந்தெடுப்பதில் ஆர்வம் கூடும் என்பது மெய். ஆனால் ஐந்து பேர் கொண்ட குழு ஒரு மூலையில் அந்த ஊசிக் காட்சியைத் தனியாகக் கடக்கும்போது, ஆசிரியர் மற்றொரு மூலையில் ஆர்வெலை விளக்கிக்கொண்டிருப்பார். வகுப்பு முழுவதும் ஒரு நாவலைச் சேர்ந்து படித்து முடித்த பிறகு, விருப்ப வாசிப்பாக மற்ற மூன்றையும் குழுக்களுக்குக் கொடுப்பதே பொருத்தம்.

வகுப்பறையையே ஜோனாஸின் ஊராக மாற்றி நடிக்கும் பயிற்சி இன்னொரு பரவலான வழக்கம். ஒருநாள் முழுவதும் ஒரே நிற உடை, ஆசிரியர் ஒதுக்கும் பணிகள், விதி மீறினால் மன்னிப்பு வாசகம். அளவோடு செய்தால் இதில் தவறில்லை, பணி ஒதுக்கும் விழா சுவையாகவும் இருக்கும். ஆனால் 'விடுவிப்பு' என்று ஒரு பிள்ளையை வெளியே அனுப்புவதும், 'ஹங்கர் கேம்ஸ்' நாவலுக்காகப் பெயர்ச்சீட்டுக் குலுக்குவதும் வேறு. ஏற்கெனவே ஒதுக்கப்படும் பிள்ளையின் பெயர் அந்தச் சீட்டில் வரும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை எந்தப் பாடத்திட்டமும் சரிக்கட்டாது.

எழுத்துப் பணியிலும் ஒரு தேர்வு இருக்கிறது. 'உன் சொந்த டிஸ்டோபியாவை உருவாக்கு' என்று சுவரொட்டி வரையச் சொல்வது பள்ளிதோறும் நடக்கிறது. வருபவை கண்ணாடிக் கூண்டுக்குள் நகரம், எந்திர மனிதன், சிவப்பு விழிகள். கைவேலை அழகாக இருக்கும். கரு காணாமல் போயிருக்கும். அதற்குப் பதிலாக, ஒரே ஒரு விதியை எழுதச் சொல்லலாம்: அந்த விதி யாருக்கு நன்மை செய்கிறது, அந்த நன்மைக்கு விலை கொடுப்பவர் யார், விலை கொடுப்பவருக்கு அது தெரியுமா என்று மூன்று பத்திகள். பள்ளியில் கைபேசித் தடை, வீட்டில் இருப்பிடம் காட்டும் செயலி, மதிய உணவு அறையில் இடம் ஒதுக்குதல் என்று தம் வாழ்க்கையிலிருந்தே பிள்ளைகள் விதிகளை எடுப்பார்கள். அவற்றில் சில உண்மையிலேயே நல்ல விதிகளாக இருக்கும். அதைக் கண்டு ஒப்புக்கொள்வதும் இந்தப் பாடத்தில் அடங்கும், ஏனெனில் எல்லா விதியும் அடக்குமுறை என்ற முடிவோடு ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போவது யாருக்கும் நல்லதன்று.

திரைப்படத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பல மாநிலங்கள் பின்பற்றும் காமன் கோர் பாடத்தரம், எழுதிய கதையையும் அதன் படவடிவத்தையும் ஒப்பிட்டு, ஒளி, ஒலி, நிறம் போன்றவை செய்யும் வேலையை ஆராயுமாறு ஏழாம் வகுப்புக்கே விதித்திருக்கிறது. 2014-இல் வந்த 'கிவர்' படம் இதற்கென்றே எடுத்ததுபோல் கறுப்பு வெள்ளையில் தொடங்கி மெல்ல நிறம் பெறுகிறது. நாவலிலோ, அந்த ஊரில் நிறமே இல்லை என்பது பன்னிரண்டாம் அத்தியாயம் வரை படிப்பவருக்குத் தெரியாது. வீசிய ஆப்பிள் காற்றில் ஒரு கணம் 'மாறியது', கூட்டத்தில் முகங்கள் 'மாறின' என்று மட்டும் வரும். பிள்ளை தன் மனத்தில் அந்த ஊருக்கு வண்ணம் பூசியே படித்துக்கொண்டிருக்கும். எழுத்தால் மறைக்க முடிந்ததைக் கேமராவால் ஏன் மறைக்க முடியவில்லை என்ற கேள்விக்கு ஒரு முழு வாரம் கொடுக்கலாம். ஆகவே படத்தை முன்னதாகக் காட்டிவிட்டால் நாவலின் சிறந்த விளையாட்டு ஒன்று பாழாகிவிடும். 2019-இல் வெளிவந்த சித்திர வடிவத்துக்கும் இது பொருந்தும். ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அது பெருந்துணை என்றாலும், பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டிய பின் கொடுப்பதே நல்லது. படத்தில் ஜோனாஸை வயதில் மூத்த இளைஞனாக்கிவிட்டார்கள் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கவனிக்காமல் விடமாட்டார்கள். பெரும்பாலும் அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

எனவே ஏழாம் வகுப்புக்கு முழு நாவலாக 'தி கிவர்', அதனுடன் ஒரு பாடவேளைக்கு 'ஹங்கர் கேம்ஸ்' முதல் அத்தியாயம், ஆறாம் வகுப்பில் 'எம்பர்', எட்டாம் வகுப்பில் வரலாற்று ஆசிரியரோடு சேர்ந்து 'அனிமல் ஃபார்ம்' என்பதே என் வரிசை. 'கிவர்' முடிவில் ஜோனாஸ் பிழைத்தானா என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். 2000, 2004, 2012 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று தொடர் நாவல்களில் அதற்கு விடை இருக்கிறது. அவை இருப்பதையே, ஒவ்வொரு பிள்ளையும் தன் விடையை நாவலிலிருந்து சான்று காட்டி எழுதிக் கொடுக்கும்வரை சொல்லாமல் இருப்பது நல்லது; எழுதிக் கொடுத்த மறுநாளே அவற்றை நூலக வண்டியில் ஏற்றி வகுப்புக்குள் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம்.